மதில், சீமெந்து முற்றம், மாரித் தண்ணீர்: கோண்டாவில் வளவொன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் வீட்டுத் திருத்த வேலை பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவைக் குறிவைத்தே தொடங்குகிறது. ஆனி பிறந்ததும் வெளிநாட்டுக் காசு வந்து சேரும். பிள்ளைகள் வந்து இறங்குமுன் மதில் எழும்ப வேண்டும், முற்றம் போட வேண்டும், பெயின்ற் அடிக்க வேண்டும். அவர்கள் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் மாரி வருகிறது. அந்த மாரியை மனதில் வைத்துச் செய்யும் வேலை குறைவு. வீட்டுத் திருத்தமும் வளவுத் தோட்டமும் இங்கே இரண்டு வேலையல்ல, ஒரே வேலை என்பது என் உறுதியான எண்ணம். அது கூரைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். கோண்டாவிலில் என் ஒழுங்கையிலேயே உள்ள ஒரு வளவில் 2023 முதல் 2025 வரை நடந்ததை, வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர் தவிர்த்து இங்கே எழுதுகிறேன். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வளவு எனக்கு நெடுநாள் பழக்கம்.

வீடும் வளவும்

காணி இரண்டு பரப்பு, அதாவது 20 பேர்ச். சதுர மீற்றரில் 500க்குச் சற்று மேல். முன்வீடு பழையது. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர், ஓட்டுக் கூரை, பனங்கைமரம், பனஞ்சிலாகை. குசினியும் குளியலறையும் பிற்காலத்தில் சீமெந்துக் கல்லில் கட்டி அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டவை. இரண்டு கூரையும் சேர்ந்து 130 சதுர மீற்றர். பின்பக்க மூலையில் கிணறு. அதையொட்டி வாழையும் ஒரு தேசியும். குசினிக்கு நேரே கறுத்தக்கொழும்பான் மாமரம். மண் வலிகாமத்துச் செம்மண். சில இடத்தில் நாலடி தோண்டினாலே பார், அதாவது சுண்ணக்கல் பாறை, தட்டுப்படும்.

வீட்டுக்காரர் அரசாங்க உத்தியோகத்தர். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதும் 2022இல் நாடே நெருக்கடியில் விழுந்ததும் எல்லோரும் அறிந்தது. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்த காலத்தில் அவரும் மண்வெட்டி எடுத்தார். யூரியா கிடையாது. வேலியில் நின்ற சீமைக்கிளுவைக் குழையும் பூவரசங்குழையும் தாழ்த்தி, அயலில் வாங்கிய மாட்டெருப் போட்டுக் கத்தரி, பயிற்றை, மரவள்ளி, முளைக்கீரை எல்லாம் விளைவித்தார்கள். காய்கறிக்குச் சந்தைக்குப் போகாத வாரங்கள் பல இருந்தன.

நெருக்கடி தளர்ந்ததும் அந்தத் தோட்டம் கைவிடப்பட்டது. 2023 ஆனியில் மகன் காசு அனுப்பினார். பின்வேலியையும் ஒரு பக்க வேலியையும் வெட்டி மதில் கட்டினார்கள். முன்முற்றத்துக்கு இன்ரலொக் கல், பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சீமெந்து. மாமரத்தின் அடிவரைக்கும் சீமெந்து போனது. மொத்தம் 150 சதுர மீற்றர். குசினிச் சுவருக்குப் புதிதாகப் பிளாஸ்ரிக் பெயின்ற். திருவிழாவுக்கு வீடு உண்மையிலேயே அழகாக இருந்தது.

என்ன கெட்டது

முதல் மாரியிலேயே குசினிப் பின்சுவரின் அடியில் தண்ணீர் நின்றது. கார்த்திகை மழை விட்டு இரண்டு மூன்று நாளாகியும் வடியவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்த வெடிப்பால் கலங்கல் தண்ணீர் உள்ளே இறங்கியது. தையில் சுவரின் அடி மூன்றடிக்கு உவர் பூத்துப் பெயின்ற் கொப்பளித்தது. பங்குனியில் மாமரத்தின் புதுத்துளிர் சிறுத்து வந்தது. சித்திரை பிறக்கமுன் கிணறு அடியைத் தொட்டது, மோட்டர் கொஞ்ச நேரத்திலேயே காற்றிழுத்தது. தண்ணீரில் சவரும், அதாவது உப்புத்தன்மையும், ஏறியது.

வீட்டார் இவற்றை நான்கு தனித்தனிக் குறைகளாகப் பார்த்தார்கள். சுவருக்கு மேசன், மாமரத்துக்கு உரம், கிணற்றுக்கு ஆழம் வெட்டுவது, வெள்ளத்துக்கு மோட்டர் வைத்து ஒழுங்கைக்கு இறைப்பது என்று அவர்களிடம் ஒரு பட்டியலும் இருந்தது. கிணறு ஆழப்படுத்துவது ஆபத்து என்று நான் தடுத்தேன். குடாநாட்டின் நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே உவர் அந்த 40 அடியளவுக்கு மேலேறப் பார்க்கும். ஆழ வெட்டுவது சவரை நோக்கிப் போவது. ஒரே மூச்சில் மோட்டரை ஓட்டுவதும் அப்படித்தான்.

பிறகு கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். கூரை 130, சீமெந்தும் கல்லும் 150, ஆக 280 சதுர மீற்றர் தண்ணீர் குடிக்காத இடம். காணியில் பாதிக்கு மேல். ஒரு மணித்தியாலத்தில் 40 மில்லிமீற்றர் கொட்டினால் 11,200 லீற்றர் அந்த ஒரு மணித்தியாலத்தில் எங்கேயோ போயாக வேண்டும். முன்னர் கூரைத் தண்ணீர் 5,200 லீற்றர் மட்டுமே அப்படி ஓடியது, அதையும் மண் இழுத்துக்கொண்டது. மிஞ்சியது கிளுவை வேலியின் காலுக்குள்ளால் கசிந்து பின்காணிக்குப் போனது. மதில் அந்த வழியை அடைத்துவிட்டது. முன்பக்கத்தால் போகவும் வழியில்லை. ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டபோது அது அரையடி உயர்ந்து, வளவு பள்ளமாகிவிட்டது. மேசன் பக்கத்துச் சீமெந்தை ஒழுங்கைப் பக்கம் சரிக்க முடியாமல் பின்பக்கம் சரித்திருந்தார். சரிவு முடிந்த இடம் குசினிச் சுவர்.

மண்ணைக் குறை சொல்ல இடமே இல்லை. பழைய கத்தரிப் பாத்தியில் ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கவே ஊறி இறங்கிவிட்டது. செம்மண்ணின் குணம் அது. சீமெந்தில் ஒரு துண்டைக் கிளப்பி அதே குழியை அங்கே வெட்டினால், இடித்து இறுக்கிய மண்ணில் தண்ணீர் பின்னேரம்வரை அப்படியே நின்றது. வீட்டுக்காரரை மனம் மாற்றியது இந்த இரண்டு குழிகளும்தான். என் கணக்குக்கு அவர் தலையாட்டினார், குழியைப் பார்த்த பிறகே அலவாங்கு எடுத்தார்.

எதை முதலில், எதைப் பிறகு

இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது வேலையின் ஒழுங்கு. 2024 ஆவணியில் திருவிழா முடிந்த கையோடு வீட்டார் சுவரைத் திருத்த நினைத்தார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் ஈரச்சுவரைப் பூசுவது கோடை வேலை. பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சுவர் மாதக்கணக்கில் காய வேண்டும். மாரிக்கு முன் அதற்கு நாளில்லை. ஆவணி, புரட்டாதியில் செய்ய வேண்டியவை கூரை, பீலி, தண்ணீர் போகும் வழி, கிணற்றுக்கட்டு. ஐப்பசியில் நாற்றுமேடையும், வேலிக்கு ஊன்றும் உயிர்க்கொம்பான கதியாலும். அடைமழை ஓய்ந்த பிறகு மார்கழியில் நடுகை. மாசிக்குப் பிறகு சுவர். இந்த வரிசையைக் குழப்பினால் காசு இரண்டு தரம் போகும்.

கூரையில் உடைந்த ஓடுகளையும் கறையான் தின்ற சில சிலாகைகளையும் மாற்றினார்கள். வெடித்த ஒரு அஸ்பெஸ்ரஸ் சீற்றை வெட்டித் தைக்க வேண்டாம், முழுதாகவே மாற்றுங்கள் என்றேன். கழற்றுமுன் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். அதை அரிவதும், துளைப்பதும், காய்ந்தபடி தூரிகை போட்டுத் தேய்ப்பதும் நுரையீரலுக்குள் நாரை அனுப்பும் வேலை. பாசி பிடித்த சீற்றை உரஞ்சிக் கழுவிப் பெயின்ற் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் பரவி வருவது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பழைய தகரப் பீலிக்குப் பதில் பிவிசி பீலி. ஒரு சதுர மீற்றர் கூரைக்குப் பீலியின் குறுக்குவாய் ஒரு சதுர சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும், பத்து மீற்றர் நீளத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் சரிவு வேண்டும். அழகுக்காக மட்டமாகப் பூட்டிய பீலியில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் நுளம்பு. யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவது மாரியோடும் அதன் பின்னும்தான். நுளம்பு பெருக இடம் விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. சவர்த்தண்ணீரில் டெங்கு நுளம்பு வராது என்று சிலர் நம்புகிறார்கள். மெல்லிய உவர்நீரிலும் ஏடிஸ் குடம்பி வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டி வெகுகாலமாகிறது.

பீலித் தண்ணீரை நேரே கிணற்றுக்குள் விடலாமே என்று வீட்டம்மா கேட்டார். அயலில் அப்படிச் செய்தவர்களும் உண்டு. கூரையில் கிடக்கும் குருவி எச்சம், சருகு, தூசி எல்லாம் முதல் மழையில் வரும். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே ஒரு கிணற்றுக்குள் போன அழுக்கு அயல் கிணற்றுக்கும் போகும். அதனால் ஓட்டுக் கூரைத் தண்ணீர் முதலில் ஒரு பரலுக்குப் போகும்படி வைத்தோம். 90 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் முதல் ஒரு மில்லிமீற்றர் மழையைக் கழிக்க 90 லீற்றர் இடம் வேண்டும். 110 மில்லிமீற்றர் குழாய் ஒரு மீற்றருக்கு 9 லீற்றரும் பிடியாது, அதனால் வெறும் குழாய்த்துண்டு போதாது, பரல்தான் சரி. பரல் நிறைந்தபின் வருவது வலை போட்ட தாங்கிக்கு, தாங்கி நிறைந்தபின் வருவது ஊறல் குழிக்கு. குழி நாலடி அகலம், நாலடி நீளம், ஐந்தடி ஆழம். பார் இறங்கிக் கிடந்த இடமாகப் பார்த்து, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எட்ட வெட்டினோம். அடியில் பெரிய சுண்ணக்கல், மேலே சல்லி, அதற்கும் மேலே மணல்.

சீமெந்தில் 70 சதுர மீற்றரை உடைத்தார்கள். குசினிச் சுவரோரம் மூன்றடி அகலம், மாமரத்தின் கிளை விரிந்த அளவுக்கு ஒரு வட்டம், கிணற்றிலிருந்து வாழைவரைக்கும் ஒரு பட்டை. போட்ட கூலியும் உடைத்த கூலியும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது என்று வீட்டுக்காரர் மனம் நொந்தார். முன்முற்றத்து இன்ரலொக்கை விட்டுவிட்டோம். கல்லிடுக்கால் கொஞ்சமாவது இறங்கும், வீட்டாருக்கும் அது ஆசை.

மதிலைத் துளைப்பதுதான் கடினமான கட்டம். பின்காணி அம்மா வீட்டாரிடம் வந்துவிட்டார்.

“பிள்ளை, மதில் கட்டின நாளில இருந்து உங்கட தண்ணி இஞ்சால வாறேல்ல எண்டு நிம்மதியா இருந்தன். இப்ப ஓட்டை போடப் போறியளோ?”

“இல்லை மாமி, முந்தி வேலியால வந்த அளவுக்கு மேல விடமாட்டம். முதல் எங்கட குழியில ஊறும். அது நிரம்பினாத்தான் மிச்சம் வரும். உங்கட பக்கத்தில வாழை வைச்சுத் தாறம், வாறது அதுக்குப் போகட்டும்.”

அவர் உடனே சம்மதிக்கவில்லை. ஊறல் குழியை நேரில் பார்த்துவிட்டு, இரண்டு துளை மட்டும், அதுவும் நிலமட்டத்துக்கு ஒரு சாண் மேலே என்று சொல்லிப் போனார். அது நியாயமான நிபந்தனை. தண்ணீர் முதலில் இந்த வளவில் ஒரு சாண் நின்று ஊறிய பிறகே அந்தப் பக்கம் போகும். அதற்கேற்பக் குசினிச் சுவரோர மண்ணை உயர்த்தி, மதிலோரத்தைப் பள்ளமாக்கினோம்.

எஞ்சியிருந்த ஒரு பக்க வேலிக்கு ஐப்பசி முதல் மழையோடு கதியால் போட்டார்கள். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை. இது காற்றை மறிக்கும், குழை தரும், தண்ணீரை விடும். மதில் இவற்றில் ஒன்றையும் செய்யாது.

2024 கார்த்திகை

நவம்பர் கடைசி வாரம் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் யாழ்ப்பாணத்தையே வெள்ளத்தில் விட்டது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையிலும் முழங்கால் தண்ணீர். இந்த வளவிலும் வெள்ளம் நின்றது, அதை மறைக்க மாட்டேன். ஊறல் குழியில் கல் நிரம்பிய பிறகு மிஞ்சும் இடைவெளி ஐந்தில் இரண்டு பங்குதான், ஏறத்தாழ 900 லீற்றர். அப்படிப்பட்ட மழையில் அது சில நிமிடத்தில் நிறைந்துவிடும். ஆனால் மழை விட்ட மறுநாளே குசினிச் சுவரடி வெறுமையாயிற்று. முந்திய ஆண்டு இதைவிடச் சிறிய மழைக்கு நாட்கணக்காக நின்ற இடம் அது. உயர்த்திக் கட்டிய கிணற்றுக்கட்டால் கலங்கல் உள்ளே போகவில்லை. இருந்தும் வெள்ளம் வடிந்தபின் குளோரின் இட்டு, சில காலம் கொதிக்கவைத்தே குடித்தார்கள்.

தோட்டத்தில் எதிர்பாராத தொல்லை ஆபிரிக்க நத்தை. ஈர மதிலின் அடியில் கூட்டமாக ஒட்டிக் கிடந்தது. இரவில் விளக்குப் பிடித்துக் கையுறையோடு பொறுக்கி உப்புக்கரைசலில் போடுவது தவிர வேறு வழி தெரியவில்லை. அந்தக் கரைசலைப் பாத்தியில் ஊற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முருங்கைத் தண்டில் மயிர்க்கொட்டியும் அடை அடையாக வந்தது.

மார்கழி நடுகை

கார்த்திகை அடைமழைக்குள் நட்டது இங்கே பெரும்பாலும் அழுகும். அதனால் ஐப்பசிக் கடைசியில் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் மேடை கட்டிக் கத்தரியும் மிளகாயும் நாற்றுப் போட்டு, மார்கழி நடுவில் பிடுங்கி நட்டார்கள். பாத்தி முதலில் உயர்ந்தது, தண்ணீர் நின்று வேர் அழுகாமலிருக்க. மாசியில் அதே மண்ணை இழுத்துப் பள்ளப் பாத்தியாக மாற்றினார்கள், இறைக்கும் தண்ணீர் வழிந்து போகாமலிருக்க. தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரிந்த இந்த மாற்றத்தை வீட்டுத்தோட்டத்தில் பலர் செய்வதில்லை. செங்கல் கட்டி நிரந்தரமாக உயர்த்திய பாத்தி சித்திரையில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும்.

சீமெந்து உடைத்த இடத்தில் விதைத்த பயிற்றை மஞ்சளாகவே முளைத்தது. இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாமலல்ல. சீமெந்துத் தூளும் சுண்ணாம்பும் கலந்த மண் காரமாகி, வேர் அதை எடுக்க முடியாமல் போகிறது. உடைத்த துண்டுகளை அள்ளியிருந்தார்கள், தூளை அள்ளவில்லை. மேல்மண்ணை அரையடிக்குக் கிளறி எடுத்து ஒழுங்கையோரக் குழிக்கு நிரப்பிவிட்டு, மக்கிய எருவும் குழையும் தாழ்த்தினோம். அடுப்புச் சாம்பலை அந்தப் பாத்திக்குப் போடவேண்டாம் என்றேன். சாம்பல் எந்த மண்ணுக்கும் நல்லது என்பது நம்மூர் நம்பிக்கை, ஆனால் காரமண்ணில் அது நிலைமையைக் கூட்டும். இரண்டாம் விதைப்பு பச்சையாக வந்தது.

நெருக்கடிக்குப் பிறகு யூரியா திரும்பவும் கிடைத்தது. கிணற்றை அண்டிய பாத்திக்கு அதைப் போடுவதில்லை என்று வீட்டம்மா முடிவெடுத்தார், அதில் எனக்குப் பெரிய நிறைவு. செம்மண்ணில் போட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி மழையோடு கிணற்றுக்கே இறங்கும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கும் அந்தக் கிணறுதான்.

சுவர்

மாசியில் குசினிச் சுவரின் பூச்சை உவர் ஏறிய கோட்டுக்கு மேலே ஒன்றரை அடிவரை கொத்தி எடுத்தார்கள். பிளாஸ்ரிக் பெயின்ற் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்திருந்தது. கொத்திய இடம் தொட்டால் குளிர்ந்தது. வைகாசிவரை திறந்தே விட்டு, பூத்துவரும் உவரைக் காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளினார்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்புத் திரும்பச் சுவருக்குள் போகும். பிறகு சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து பூசினார்கள். கடற்கரைப் பக்கத்து மணல் வந்ததால் கழுவிக் காயவைத்தே சேர்த்தார்கள். மேலே சுண்ணாம்பு மட்டும். மகனுக்குப் படம் அனுப்பியபோது நிறம் எடுப்பாக இல்லை என்றாராம். சுவர் மூச்சுவிட வேணும் தம்பி என்று தகப்பன் சொன்னதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எது இந்த வேலையால், எது மழையால்

2025 சித்திரையில் கிணறு அடியைத் தொடவில்லை. வீட்டார் அதை ஊறல் குழியின் பலன் என்று எல்லோருக்கும் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 2024இல் கொட்டிய மழைக்கு ஒழுங்கையிலுள்ள எந்தக் கிணறும் அவ்வளவு வற்றவில்லை. கிணறு ஒரு வளவின் சொத்தல்ல, அது கீழே பரந்து கிடக்கும் பொதுத் தண்ணீரின் ஒரு வாய். இந்தக் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் விழுந்தாலே 156,000 லீற்றர், அது சிறிதல்ல. ஆனால் ஊறியது பக்கத்துக் கிணற்றுக்கும் போகும், பக்கத்து மோட்டர் இழுத்தால் இங்கும் குறையும். ஒழுங்கை முழுவதும் செய்தால்தான் கிணற்றில் தெரியும். சவர் குறைந்ததில் மோட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிட்டு ஓட்டும் பழக்கத்துக்கும் பங்குண்டு.

சுவரடி வடிந்தது, கிணற்றுக்குள் கலங்கல் போகாதது, பயிற்றை பச்சையானது ஆகியவை வேலையின் பலன் என்று துணிந்து சொல்வேன். மாமரம் பற்றிச் சொல்ல இன்னும் காலமாகவில்லை. வேர் இறுகிய மண்ணிலிருந்து மீள ஆண்டுகள் செல்லும். இவ்வாண்டு காய் பறித்து முடிந்ததும் ஆடியில் காய்ந்த கொப்பை வெட்டி, உள்ளே வெளிச்சம் விழும்படி கவாத்துப் பண்ணியிருக்கிறார்கள்.

ஒரு பெரிய குறை அப்படியே கிடக்கிறது. மலசலகூடக் குழி பழையது, அடி கட்டாதது, கிணற்றுக்கு அருகே. பார் மண்ணில் அதன் கசிவு எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் கண்டு சொல்ல முடியாது. இந்த ஆண்டு மகன் வாசலுக்குப் புதுப் படலையும் மேல்வளைவும் கட்டக் காசு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காசில் முதலில் அடைத்த தொட்டியோடு மலசலகூடக் குழியைத் திருத்தித் தள்ளி வைப்பது என்று வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் முடிவு செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடம் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். பின்காணி மாமியும் தன் கிணற்றுக்கு அது எட்ட இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். மேசனைப் புரட்டாதிக்குப் பேசியாகிவிட்டது.